ஏரி வீட்டுத் தோணி

பார்சுவநாத நயினார் காலமாகி இரண்டு மழைக்காலம் போன பிறகு அவருடைய ஏரி வீடு விலைபோனது. வாங்கியவர் திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருந்த கிருஷ்ணசாமி. அவருக்கு வீடு வேண்டாம், இன்னொரு ஆலை கட்ட இடம்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை பூஜை போட்டு இடிக்க ஆள் இறக்கப் போவதாகவும், அதற்குள் உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டால் நல்லது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால் எண்பத்தைந்தாம் வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, நயினாரின் பிள்ளைகள் இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். மூத்தவள் குசுமா விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இளையவன் சாந்திராஜ் நாக்பூரில் ரயில்வே என்ஜினீயர். விற்றுவிடலாம் என்று முடிவு செய்தது அவன்தான். குசுமா மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாள். போட்ட நாளிலிருந்து அவனோடு அளவாகத்தான் பேசினாள்.

பாண்டி ரோட்டில், கிளியனூருக்கு முன்பே மேற்கே பிரியும் மண்பாதை ஏரிக்கரை மேலேயே போய், உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலைத் தாண்டி, அந்த வீட்டு வாசலில் முடியும். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளை அடுக்கி வைக்க நயினாரின் தகப்பனார் கட்டியது. உயிர்க்கொலை ஆகாத சமணரான நயினாருக்கு அது வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. ஏரி நிரம்பினால், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்ட வரும். அவற்றைப் பிடிக்கக் கண்ணியும் கவணுமாக ஆட்கள் வருவார்கள். கார்த்திகை பிறந்ததும் நயினார் பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கே குடிவந்துவிடுவார். மரத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தால் தகர டின்னைத் தட்டிக்கொண்டு கரையில் ஓடுவார். பின்னால் பிள்ளைகளும் ஆளுக்கொரு மூடியைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். பறவைகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து பறந்துவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வந்து உட்காரும்.

வீட்டைத் திறந்து விட்டவள் சவுரியம்மாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் இருந்தாள், குசுமாவின் வயதுதான். நயினார் போன பிறகும் வாரத்துக்கு ஒரு தரம் வந்து கூட்டி, சாவியைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"எங்கேந்து ஆரம்பிக்கறது, சவுரி?" என்று குசுமா கேட்டாள்.

"எங்கேந்து ஆரம்பிச்சாலும் அதே சாமானுங்கதாங்க" என்றாள் சவுரியம்மாள்.

உண்மைதான். நயினார் எதையும் எறிந்தவர் இல்லை. மல்லாட்டை உடைக்கிற கை மெஷின், கால் போன நாற்காலி, வால்வு ரேடியோ, தண்ணீர் இறைத்த தோல் சால், கம்பி மட்டும் மிச்சமான குடைகள் ஒரு கட்டு. ஒவ்வொரு அறையிலும் வாசலுக்கு வழி விட்டு, மீதி இடமெல்லாம் சாமான். குசுமா குடைக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் அதைப் பிரிக்காமல் நின்றாள். மழை கொட்டும்போது அப்பா அந்தக் குடைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றதும், காற்று அதைத் திருப்பி மடித்துவிட்டதும், அம்மா வாசலிலிருந்து சிரித்ததும் நேற்று பார்த்தது போல இருந்தது.

"வேணும்னா ஒண்ணு வெச்சிக்கோ அக்கா" என்றான் சாந்திராஜ்.

"கம்பிய வெச்சிக்கினு என்னா பண்றது?" என்று சொல்லி அதைச் சாமான் குவியலில் போட்டாள்.

வேண்டாததை எடுத்துப் போகத் திண்டிவனத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த சுப்பராயலுவிடம் பேசியிருந்தார்கள். அவர் செவ்வாய்க்கிழமை லாரி கொண்டு வருவதாக ஏற்பாடு. ஆனால் திங்கள் மாலை தொடங்கிய மழை விடியும்வரை விடவில்லை. சவுரியம்மாளும் அங்கேயே தங்கிவிட்டாள். காலையில் சுப்பராயலு லாரி இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்புவரை நனைந்து வந்து சேர்ந்தார்.

"கலங்கல் வழிஞ்சிக்கினு இருக்குதுங்க சார். பாதை மேல தண்ணி ஓடுது. நானே கலங்கலுக்குக் குறுக்க கட்டியிருக்கிற கயித்தப் புடிச்சிக்கினுதான் வந்தேன். லாரிய ரோட்டு மேல வுட்டுட்டேன்."

"எப்ப வடியும்?"

"ஏரி நெறைஞ்சி நிக்கிது. இன்னும் ஒரு வாரம் ஆவும். தலையில வெச்சித் தூக்கினு வர்றதுன்னா ஆள அடிச்சிக்கினு போயிடும். பேஜாரு."

சாந்திராஜ் ஏரியைப் பார்த்தான். எதிர்க்கரையில் பாண்டி ரோடு ஏரியை ஒட்டியே போகிற இடத்தில் ஒரு பஸ் சின்னதாக ஊர்ந்து போனது. அவன் எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, அக்காவைப் பார்த்தான். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

"கொட்டகையில இருக்குமா?" என்றான்.

"இருக்கும். அப்பா எதைத் தூக்கிப் போட்டாரு?"

பின்பக்கக் கொட்டகையில், சாக்குக்கும் வைக்கோலுக்கும் அடியில் தோணி இருந்தது. கோட்டக்குப்பத்தில் நயினாரிடம் மல்லாட்டை எண்ணெய் வாங்கிய வியாபாரி ஒருவர், கடலோரத்துத் தச்சரிடம் சொல்லிச் செய்து கொடுத்தது. ரெட்டை மாட்டு வண்டியில் தலைகீழாகக் கட்டி, கிளியனூர் வழியாக அதைக் கொண்டு வந்தபோது, ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது. தண்ணீரில்லாத ஊருக்குள் தோணி வருகிறதென்று சிலர் சிரித்தார்கள். அந்த வருடம் ஏரி நிரம்பியது. மரங்களை நெருங்கிப் போய்க் கண்ணிகளை அறுத்துவிட்டு வருவதற்காகத்தான் நயினார் அதை வாங்கினார். மற்ற நேரத்தில் அது பிள்ளைகளுடையது.

மூவரும் சுப்பராயலுவுமாகத் தோணியைத் தண்ணீர்வரை இழுத்தார்கள். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்ததால் பலகைகளுக்கிடையில் நகம் நுழையும் அளவு இடைவெளி. சாந்திராஜ் அதைக் கரையோரம் நீரில் அமிழ்த்தி, மேலே கல் வைத்தான். பலகை ஊறி உப்பினால் இடைவெளி மூடிக்கொள்ளும். மீதி இடத்தில் தாரும் கந்தலும் அடைத்தால் போதும். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு சுப்பராயலு மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று மாலை சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தபோது குசுமாவுக்கு மனசு லேசாக இருந்தது.

"ஞாபகம் இருக்குதா, சவுரி? நானு, நீ, இவன், மூணு பேரும் அதுல உக்காந்துக்கினு மரம் வரைக்கும் போவோமே. உங்கப்பா தள்ளுவாரு. நீ முன்னாடி உக்காந்து கைய தண்ணியில வுட்டுக்கினு வருவ."

"எங்கப்பா தள்ளுவாருங்க. நீங்களும் தம்பியும் போவீங்க" என்றாள் சவுரியம்மாள். "நான் ஏறினதில்லீங்க."

"இல்லியே. செவப்புப் பாவாடை போட்டுக்கினு."

"செவப்புப் பாவாடை சரிதாங்க. கரையில நிப்பேன். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ஆட்டைப் பாத்துக்கினு நிப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த சாக்கை எடுத்தாள். குசுமாவுக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருடமாகத் தன் நினைவில் தோணியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை எழுப்பிக் கரையில் கொண்டு போய் நிறுத்திப் பார்த்தாள். அங்கேதான் அவள் சரியாக நின்றாள். இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிறுத்துக்கொண்டே போகும் சிவப்பு. தோணியிலிருந்து திரும்பிப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வியாழன் காலை மழை இல்லை. கல்லை எடுத்துத் தண்ணீரை இறைத்துப் பார்த்தபோது தோணி ஒழுகவில்லை. ஒரு மூலையில் மட்டும் கசிந்தது. சுப்பராயலு எதிர்க்கரையில் லாரியை நிறுத்திவிட்டுக் கையசைத்தார். முதல் நடையில் ரேடியோ, பித்தளை அண்டா, மெஷின் எல்லாம் ஏறின.

"அந்தப் பக்கம் சாமான எறக்க ஒரு ஆள் வேணும். அவரு லாரியில ஏத்திக்கினு இருப்பாரு" என்றான் சாந்திராஜ்.

"சவுரி போவட்டும்" என்றாள் குசுமா.

சவுரியம்மாள் தோணியைப் பார்த்தாள். "நீங்க போங்கம்மா. எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கும்தான் பயம். ஏறு."

அவள் புடவையைக் கூட்டிப் பிடித்து, அண்டாவைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்தாள். சாந்திராஜ் கழியை ஊன்றித் தள்ளினான். தேவசகாயம், அதாவது சவுரியம்மாளின் அப்பா, அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வேலைதான். தொடக்கத்தில் தோணி ஒரு சுற்றுச் சுற்றியது. சவுரியம்மாள் "ஏசுவே" என்றாள். பிறகு அவன் கைக்குப் பழக்கம் வந்துவிட்டது.

நேராகப் போகாமல் அவன் மரங்களின் பக்கம் திரும்புவதைக் குசுமா கரையிலிருந்து பார்த்தாள். தோணி கருவேல மரத்துக்கு அடியில் போய் நின்றது. நாரைகள் இரண்டு மூன்று எழும்பி வட்டமிட்டன. சவுரியம்மாள் அண்டாவை விட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். அந்தப் பக்கத்தில் சுப்பராயலு ஜல்தி என்று கத்துவது தண்ணீர் மேல் கேட்டது.

அவர்கள் திரும்பி வரும்வரை குசுமா கரையிலேயே நின்றாள்.

"குஞ்சு வாயத் தொறந்துக்கினு இருக்குதுங்க, உள்ள செவப்பா" என்றாள் சவுரியம்மாள், அடுத்த நடைக்கு வந்ததும். "கரையில இருந்து பாத்தா துணி காயப் போட்டாப்பலதான் தெரியும். கிட்டப் போனா ஒரே நாத்தம்."

குசுமா சிரித்தாள். சாந்திராஜும் சிரித்தான். திங்கட்கிழமை வந்ததிலிருந்து அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பிற்பகல் முழுக்க நடை நடந்தது. நாற்காலிகள் தலைகீழாகப் போயின. பீரோவைக் கழற்றிப் பலகை பலகையாக ஏற்றினார்கள். குசுமா தனக்கென்று அம்மாவின் சாமான்களில் ஒரு தூக்குப் பாத்திரமும், அப்பாவின் கண்ணாடியும் எடுத்துக்கொண்டாள். சவுரியம்மாளிடம் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, கொட்டகை மேல் போட்டிருந்த தகரங்களைக் கேட்டாள். தன் வீட்டுக் கூரை ஒழுகுவதாகச் சொன்னாள்.

"அதோட இன்னொண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"இந்தத் தோணி. எம் மவன் ஏரியில மீன் புடிக்கிறான். குத்தகைக்காரரு தோணிக்கு வாடகை புடிச்சிக்கிறாரு. சொந்தமா ஒண்ணு இருந்தா தேவலை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேற எதுக்குன்னாவது சொல்லி வாங்கலாம். பொய் சொல்லி வாங்க மாட்டேங்க. மீனுக்குத்தான்" என்றாள்.

குசுமா வீட்டுக்குள் போய், காலியான அறையில் நின்றாள். ஏரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிய பிறகு, துணியில் தங்கிய உயிர்கள் சாகக்கூடாதென்று அதை ஏரியிலேயே அலசிவிட்டு வரச் சொன்ன மனிதர் அப்பா. அவருடைய தோணியில் மீன் துள்ளிச் சாவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சாந்திராஜ் பின்னால் வந்தான். "சுப்பராயலு அத வெறகுக்குத்தான் எடுப்பாரு, அக்கா."

"வெறகாவே போவட்டும்."

"அரிசி ஆலைக்கு எடத்தை வித்தாச்சு. சத்தம், பொகை, எல்லாம் வரப்போவுது. பறவை தங்குமோ தங்காதோ. தோணிக்கு மட்டும் எதுக்கு இந்தக் கணக்கு?"

"எடத்தை வித்தது நீ."

அவன் முகம் சுண்டிப்போனது. "ஆமா. நான்தான்" என்றான். "நாக்பூர்ல உக்காந்துக்கினு இந்த வீடு இடிஞ்சி வுழுதுன்னு ஒவ்வொரு மழைக்கும் நெனைச்சிக்கினு இருக்க முடியல, அக்கா. அப்பா இல்லாத வீட்டுக்குள்ள நொழைஞ்சா மூச்சு முட்டுது. ஒனக்கு இது சந்தோஷமா இருந்த எடம். எனக்கும்தான். அதனாலதான் முடியல."

இதை அவன் முன்பே சொல்லியிருக்கலாம் என்று குசுமாவுக்குத் தோன்றியது. அவளும் கேட்டிருக்கலாம்.  பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சவுரியம்மாள் தோணியில் தேங்கிய தண்ணீரைத் தகர டப்பாவால் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கோ, சவுரி. எதுக்குன்னு தெரியும். தெரிஞ்சிதான் குடுக்கறேன்."

சவுரியம்மாள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"கூடு இருக்கிற மரத்துக்கிட்ட மட்டும் வலை போட வேண்டாம்னு ஒம் மவன்கிட்ட சொல்லு."

"அங்க யாரும் போட மாட்டாங்கம்மா. முள்ளுல மாட்டி வலை கிழிஞ்சி பூடும்."

"அப்ப சரி" என்றாள் குசுமா. அவளையறியாமல் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

கடைசி நடையில் அக்காவும் தம்பியும் மட்டும் சாமானோடு போனார்கள். முந்தின நடையில் எதிர்க்கரையிலிருந்து ஏறி வந்திருந்த சவுரியம்மாளின் மகன் கழியைப் பிடித்தான். அவன் தள்ளியதில் ஒரு சுற்றும் இல்லை, ஆட்டமும் இல்லை. எதிர்க்கரையில் இறங்கியதும் குசுமா அவனிடம் "அம்மாவையும் அப்பப்ப கூட்டிக்கினு போ" என்றாள். அவன் வெட்கத்தோடு தலையாட்டினான்.

லாரியின் முன்னால் சுப்பராயலுவுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். திண்டிவனம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டை ஒட்டிய ஹோட்டலில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாந்திராஜ் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கழி பிடித்த உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"பொழுது போயிடுச்சா?" என்று கேட்டான். இருட்டிய பிறகு சாப்பிடக்கூடாது என்ற சமண வழக்கத்தை அவன் நாக்பூர் போன முதல் வருடமே விட்டுவிட்டிருந்தான். குசுமா விட்டதில்லை.

அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். மேற்கில் ஒரே மேகம். சூரியன் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"பொழுது இன்னும் இருக்கும்" என்றாள். "இறங்கு, ஜல்தியா சாப்புட்டுட்டு வந்துடலாம்."