வழிவிடாத மீன்

உயிரோடு இருந்தவரை யாரிடமும் முடியாது என்று சொல்லாத மனிதர், செத்து மீனான பிறகல்லவா ஊரையே மறிக்கிறார் என்று உதோ நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் ஜென்தோகு மியாகோ தீவின் தெற்கே, பவளத்திட்டுக்கு நடுவில் படகுகள் வெளிக்கடலுக்குப் போகும் இடைவெளியில் மூழ்கினார். உடல் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அங்கே செத்த பவளப்பாறை ஒன்றில் விரல் நீளக் கறுப்பு மீன் ஒன்று குடியேறிப் பாசி வளர்த்தது. அதன் இடது கண்ணுக்கு மேலே ஜென்தோகுவுக்கு இருந்த அதே வெள்ளைத் தழும்பு. முதலில் விலாங்குகளை விரட்டியது, பிறகு ஆமைகளை, பிறகு படகுகளை. துடுப்புப் படகோ இயந்திரப் படகோ, அது வந்து முட்டியதும் முகப்பு கரைப்பக்கம் திரும்பிவிடும். படகுகள் வடமுனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பிடித்த மீன்கள் பொழுது சாயும்போதுதான் கரைக்கு வந்து சேர்ந்தன.

"உசுரோட இருந்தப்ப நண்டு வந்தாக்கூட ஒதுங்கி வழி விடுவான். இப்பப் பாரு மிடுக்க!" என்று மீனவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் ஆண்டு, முனையைச் சுற்றிய படகொன்று கவிழ்ந்து இருவர் நீந்திப் பிழைத்து வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கடலில் போன உயிரை மனைவி பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவ்விடத்தில் மூன்று கற்களைப் பொறுக்கிக் குடும்பக் கல்லறையில் வைத்தால் உயிர் கூடவே வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அப்படிக் கூப்பிடச் சொல்லி உதோவைக் கேட்கத்தான் ஜென்தோகுவின் அண்ணன் ஜென்யூ வந்தார். பிள்ளையில்லாத அவர் முன்பும் இப்படித்தான் ஒருநாள் வந்து, உதோவின் ஒரே மகனைத் தத்துக் கேட்டார். ஜென்தோகு தலைகுனிந்து, "சரிண்ணே" என்றார். பால் கட்டிய மார்போடு அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகக் கணவரை அவள் மன்னிக்கவே இல்லை.

நீர் வற்றிய நேரத்தில் உதோவும் ஜென்யூவும் இடுப்பளவு கடலில் நடந்து போனார்கள். மீன் பாய்ந்து வந்து ஜென்யூவின் கெண்டைக்காலைக் கடித்தது. "ஐயோ, அண்ணன்னுகூடப் பாக்க மாட்டேங்குறானே!" என்று துள்ளினார் அவர். அவளை அது தொடவில்லை. இருவருக்கும் நடுவே வந்து துடுப்புகளை விரித்துக்கொண்டு அவரையே முறைத்தது. இத்தனை வருடம் கழித்தா வந்து நிற்கிறீர்கள் என்று மீனைப் பார்த்து மனதுக்குள் கேட்டாள் உதோ. கண் நிறைந்தது.

"கூப்பிடும்மா. ஒரே ஒரு தடவ. உன் வாயால சொன்னா வந்துடுவான். யாரு சொன்னாலும் கேக்குறவன்தானே."

"அதனாலதான் மூத்தாரே," என்றாள் மெல்ல, "நான் கூப்பிட மாட்டேன்."