வலப்பக்க ஓரத்தில் ஒரு மங்கல்

1

இந்தக் கதை ஒரு காதிலிருந்து பிறந்தது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் ஒரு காகிதப் பறவை நூலில் தொங்கியது. யாரோ புகைப்படத்தை அச்சடித்து மடித்திருக்கிறார்கள். இறக்கையில் ஒரே ஒரு காது. பல்வலி போன இடம் தெரியவில்லை. காது யாருடையது என்று சொல்ல அங்கே ஆளில்லாததால், நானே ஒரு குடும்பத்தைக் கட்டவேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘அவளுடைய விரல்கள் பறவைகளைப் போல…’ வேண்டாம். பறவை மடிப்பவளின் விரலைப் பறவை என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: அக்கா, படம் அச்சடிக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். (யாருடைய அக்கா? பொறுங்கள், தங்கை வருகிறாள்.) இயந்திரம் முனகிக்கொண்டே முகங்களை ஒவ்வொன்றாக வெளியே விடும், பகல் தூக்கத்தில் வந்துபோகும் ஆட்களைப் போல. வேலை ஓய்ந்ததும் அக்கா மெல்லிய தாளில் படம் அச்சடித்துப் பறவை மடிப்பாள். பளபளப்புத் தாள் ஆகாது. மடித்த இடத்தில் நிறம் உதிர்ந்து, முகத்தில் தழும்பு மாதிரி வெள்ளைக் கோடு விழும்.

3

தங்கைக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கொண்டுபோக ஒரு பறவை கேட்டு, பழைய குடும்பப் படத்தை நீட்டினாள்.

“பறவைக்குச் சதுரத் தாள் வேணும்டி. இது நீளமா இருக்கே.”*

“ஒரு பக்கம் வெட்டிக்கோக்கா.”

“இடப்பக்கம் வெட்டினா அப்பா தோள் போயிடும்.”

“அப்ப வலப்பக்கம் வெட்டு. அங்க யாரு இருக்கா? திரைச்சீலைதானே ஆடுது. இதுல அப்பா, அம்மா, நான் மட்டும்தான். நீதான் இல்லவே இல்லையே, படம் எடுத்ததே நீதானே!”

சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள். திட்டாதீர்கள். படம் எடுத்தபோது அவள் கைக்குழந்தை.

ஆடுவது திரைச்சீலை அல்ல. கேமராவைப் புத்தக அடுக்கின்மேல் வைத்து, டைமரை அழுத்திவிட்டு, அக்கா விழுந்தடித்து ஓடிவந்தாள். வந்து நிற்பதற்குள் கேமரா தன் வேலையை முடித்துவிட்டது. மங்கலாக ஒரு சட்டை, முகம் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் வெளிச்சம். நாலு பேரும் இருக்கும் ஒரே படம் அதுதான். அக்காவுக்கு வலித்தது.

(*மேலும் கீழும் வெள்ளை விட்டு அச்சடித்தால் சதுரமாகிவிடுமே என்பீர்கள். ஆகும். பறவையின் தலை, வால், இறக்கை நுனி எல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். தொழில் தெரிந்தவள் அதைச் செய்யமாட்டாள்.)

4

எனக்கும் அதே சிக்கல். முதல் பிரதியில் அக்காவுக்கு ஒரு கணவர் இருந்தார். நல்ல மனிதர், தேநீர் போடுவார். கதை நீளுகிறதென்று ஓரத்தில் நின்றவரை வெட்டிவிட்டேன். இனி தங்கையை எந்த வாயால் குறைசொல்வது?

முடிவு ஒன்று: அக்கா வலப்பக்கத்தை வெட்டிப் பறவை செய்து கொடுக்கிறாள். தியாகம். எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: “அது நான்டி!” என்று கத்துகிறாள். தங்கை அழ, இருவரும் கட்டிக்கொண்டு… போதும். தங்கை தானாகப் பார்க்கவேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

5

நீளத் தாளில் மடிக்க எந்தக் குழந்தைக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது. கப்பல்! படத்தை உள்பக்கமாக வைத்து மடித்தால் தாளின் இட, வல ஓரங்கள் இரண்டும் படம் தெரிய வெளியே திரும்பி, கப்பலின் இரண்டு விளிம்புகளாக வந்து நிற்கும். வெட்டே வேண்டாம். மேசைமேல் விழுந்த வெயிலில் அக்கா மடித்துவைத்த கப்பல் லேசாக ஆடியது. மேசையும் சுவரும் கூடவே ஆடுவதுபோல் இருந்தது அக்காவுக்கு.

“நான் பறவைதானே கேட்டேன்?”

“பறவைக்கு வெட்டணும். இதுக்கு வேண்டாம்.”

தங்கை சிரித்துக்கொண்டே கப்பலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். ஒரு விளிம்பில் அப்பாவின் தோள். மறு விளிம்பில் அவளுடைய கட்டைவிரல் போய் நின்றது. சிரிப்பும் நின்றது. மங்கலைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி மங்கலை. வாய் திறந்தாள்.

இதற்குமேல் என்னால் ஆகாது. நான் எழுதினால் நான் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். நீங்களே சொல்லவையுங்கள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: திரைச்சீலை என்று மட்டும் வேண்டாம். அவள் அவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறாள்.