கட்டுமரம் ஏறிய டேலியா

சாந்தோமில், கோயிலுக்குப் பின்தெருவில், ஐரின் அம்மாள் வீட்டு டேலியாச் செடிக்கு அந்த மாசி மாதத்தில் நடந்த உபசாரம் அவள் புருஷன் பிலிப்புக்குக் கல்யாணத்தன்றுகூட நடந்ததில்லை. காற்றடித்தால் அதற்குத் தட்டி, வெயில் ஏறினால் அதற்குக் குடை. அது பிலிப்பின் குடைதான். அவர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய் வந்தார், பாவம்.

காரணம் இல்லாமலா? யுத்தம் முடிந்து ஊர் மூச்சு விட்டதும், கோயில் மாதர் சங்கத்தார் பூப்போட்டி தொடங்கியிருந்தார்கள். வீடு வீடாக வந்து தோட்டம் பார்ப்பார்கள்; எந்த வீட்டுப் பூ பெரிதோ அந்த வீட்டுக்கு வெள்ளிக் கோப்பை. போன வருஷம் அது எதிர்வீட்டு ஃப்ளோராவுக்குப் போயிற்று. போனால் போகட்டும் என்றால், ஃப்ளோரா அதை அலமாரியில் வைத்தாளா? தெரு ஜன்னலில் வைத்தாள். தினமும் ஐரின் வாசல் பெருக்க வருகிற நேரம் பார்த்துத் துடைத்தாள். ஒரு கோப்பைக்கு அத்தனை அழுக்கு எங்கிருந்துதான் வருமோ!

இந்த வருஷம் அந்தக் கோப்பை ஜன்னல் மாற வேண்டும். ஐரினுக்கு வேறு ஆசையே இல்லை.

போட்டிக்கு முன்னால் கோயில் வாதுமை மரத்தடியில் தோட்ட வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் மயிலாப்பூர் ஸ்ரீரங்கன். காலேஜில் தாவர சாஸ்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், நடுவரும் அவர்தான்.

"செடிக்கு ஒரே மொட்டு. மத்ததையெல்லாம் கிள்ளி எறிஞ்சுடணும். ஐயோ பாவம்னு பார்த்தா பூ பெரிசாகாது" என்றார்.

ஃப்ளோராவுக்கு மனசு வரவில்லை. இரண்டு மொட்டு விட்டாள். ஐரின் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கிள்ளினாள். மிஞ்சிய ஒற்றை மொட்டுக்கு, குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் லூர்துமேரி நாள் தவறாமல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். நாற்றம் தெருவைத் தூக்கியது. பூவோ சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்தது. ரத்தச் சிவப்பு!

போட்டி நாள் காலை. ஐரின் பட்டுப்புடவை கட்டிக்கொள்ள உள்ளே போனாள். பிலிப் வாசலில் கண்ணாடியை மாட்டிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். லூர்துமேரி கூடையில்லாமல் வந்து நின்றாள்.

"ஐயா, எங்க ஊட்டுக்காரரு புது மரத்தை இன்னிக்குக் கடல்ல எறக்கறாரு. முகப்புல கட்ட ஒரு பூ குடுங்க ஐயா."

பூ கேட்டு வந்தவளிடம் இல்லையென்று சொல்லக்கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம், ஐரின் போட்ட சட்டம். கத்தி தொண்டையில் இருந்ததால் பிலிப்பால் வாயைத் திறக்க முடியவில்லை. இன்னொரு கையைத் தோட்டத்துப் பக்கம் ஆட்டினார். மதிலோரம் மண்டிக் கிடந்த கனகாம்பரத்தைத்தான் காட்டினார். ஆனால் நீங்களே சொல்லுங்கள், புதுக் கட்டுமரத்துக்கு யாராவது கனகாம்பரம் கட்டுவார்களா?

ஐரின் வெளியே வந்தபோது குடை இருந்தது, தட்டி இருந்தது, செடி இருந்தது.

"ஏங்க! பூ எங்க?"

"லூர்துமேரி கேட்டா... பூ கேட்டா குடுக்கணும்னு நீதானே..."

"தாலி கேட்டா தாலியையும் குடுப்பீங்களா? போங்க, போய் அந்த ஸ்ரீரங்கன் சாரைக் கடற்கரைக்குக் கூட்டிட்டு வாங்க!"

ஓடினாள். ஜன்னலில் ஃப்ளோரா கோப்பையும் துணியுமாக நின்றாள்.

"ஜட்ஜு வர்ற நேரத்துல எங்க ஓடுறே ஐரின்?"

"மீன் வாங்க!"

"பட்டுப்புடவை கட்டிக்கிட்டா?"

கரையில் குப்பமே கூடியிருந்தது. புதுக் கட்டுமரத்தின் முகப்பில், கயிற்றுக் கட்டுக்குள் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தது டேலியா. 'அவிழ்த்துக் கொடு' என்று கத்தத்தான் ஐரின் வாயைத் திறந்தாள். அதற்குள் லூர்துமேரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீயே வந்துட்டியா ஐரினம்மா! பாரு, நம்ம மீன் தண்ணி குடிச்ச பூ! ராணி மாரி குந்திக்கினு கீது!"

அவள் புருஷன் லாசர் கும்பிட்டான். "மகராசி, உன் ஊட்டுப் பூ முன்னால போவுது. இனிமே எனக்கு இன்னா பயம்?"

கடலுக்குப் போகிறவனின் மரத்தில் கட்டின பூவை எந்தக் கை அவிழ்க்கும்? ஐரின் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கோப்பையை விட மனசில்லை.

"லாசரு, கொஞ்சம் பொறுத்துக்கோப்பா. ஒருத்தர் வந்து பூவை அளக்கணும்."

"இன்னாத்துக்கு? சட்டை தைக்கவா? காத்து மாறிடும்மா!"

மரம் தண்ணீரில் இறங்கவும், பாதி முகம் சோப்போடு பிலிப், ஃப்ளோரா வீட்டுப் பூவை அளந்து முடித்த ஸ்ரீரங்கனை இழுத்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. பின்னாலேயே ஃப்ளோரா. ஸ்ரீரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அளவு நாடாவோடு கடலில் இறங்கினார்.

"ஆட்டாம பிடிச்சுக்கோப்பா!"

"நானா ஆட்டறேன் சாமி? கடலு ஆட்டுது!"

"பத்து... பத்து அங்குலம்!" என்று அவர் கூவிய வாயிலேயே அலை அடித்தது. நாடா போயிற்று, அங்கவஸ்திரம் போயிற்று. பிலிப் நடுவரின் குடுமியைப் பிடித்துக் கரையேற்றினார்.

ஸ்ரீரங்கன் வேட்டியைப் பிழிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். "இப்படி ஒரு டேலியாவை நான் ஜன்மத்திலே பார்த்ததில்லே. ஃப்ளோராம்மாவோடது ஏழு அங்குலந்தான். ஆனா பூ செடியிலே இருக்கணும்கிறது விதி. நான் என்ன பண்ணட்டும்? கோப்பை ஃப்ளோராம்மாவுக்கு."

ஐரின் அலைக்கு மேலே ஏறி இறங்கிப் போகும் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியதற்கு உப்புக்காற்று என்று பேர் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் செடியிலிருந்து குடையை எடுத்துப் பிலிப்பிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து சனங்கள் வரும் நேரம், லூர்துமேரி முழு வஞ்சிரம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு நடுவே வந்தாள்.

"ஐரினம்மா பூ போன மரம், வலை கிழிய மீனு! கோப்பையா? அது எதிர்ஊட்ல கீது. உள்ள ஒண்ணுமில்ல, காலி!"

கோப்பை அன்றைக்குத் துடைக்கப்படவில்லை. சாயங்காலம் ஃப்ளோரா ஒரு சொம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள்.

"ஐரின், அந்த லூர்துமேரிகிட்ட சொல்லேன். எனக்கும் கொஞ்சம் மீன் தண்ணி..."

"சொல்றேன். ஆனா, அவ பூ கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாது."

ஃப்ளோரா தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் ரெண்டு மொட்டு விடுறதே சரி" என்று சொம்பை நீட்டினாள்.