பச்சை விரிப்பில் வந்த அப்பா

பெபிஷாவுக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் முன்னறைக்குமாக நடந்து நடந்து காலே தேய்ந்துவிடும் போலிருந்தது. முன்னறைச் சுவரில், வடசேரியில் வாங்கிய பச்சைத் துணி ஆணியில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் கொழுந்தன் ரெஜின் லேப்டாப்பைத் திறந்து வைத்து, இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு வீடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். கத்தாரிலிருந்து அவள் புருஷன் பிரைட்டன் அனுப்பியது. கரண்டு போவதற்குள் வேலை முடிய வேண்டும். அந்த லேப்டாப்பில் பேட்டரி என்பது பேருக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஷிபாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாகப் பிள்ளையை நிறுத்தி, அப்பன் ஒரு பக்கம், அம்மை ஒரு பக்கம் நின்று படம் பிடிப்பது கடற்கரையில் எல்லா வீட்டிலும் உள்ளது. பிரைட்டன் போய் நாலு வருஷம் ஆயிற்று. கேட்டால், "லீவு தரமாட்டங்கான்" என்று ஒரே பாட்டு. ஊர் வாய் சும்மா இருக்குமா? அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று மீன் சந்தையில் ஒருத்தி இவள் காதுபடவே சொன்னாள். அவளை நாலு கேட்டுவிட்டுத்தான் வந்தாள் பெபிஷா. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு, அப்படியும் இருக்குமோ என்ற எண்ணம் அவளை விடவில்லை. அன்றிலிருந்து உறக்கம் போயிற்று.

"ஆளு வரண்டாம் மைனி, வீடியோ வந்தா போதும்" என்று வழி சொன்னவன் ரெஜின்தான். பச்சைக்கு முன்னால் நின்று எடுத்தால், பச்சையை மட்டும் கம்ப்யூட்டர் அழித்துவிடும். அந்த இடத்தில் கோயில் பீடத்தை வைத்துவிட்டு, கத்தாரில் நிற்கிறவனையும் இங்கே முட்டத்தில் நிற்கிற மகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். பெரிய டைரக்டர்தான் போங்கள். போன வருஷம் குறும்படம் எடுக்கிறேன் என்று பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று, தலையும் காலும் மட்டும் கலங்கரை விளக்கத்துக்கு மேலே பறந்ததை ஊரே பார்த்துச் சிரித்தது.

"வந்தாச்சு மைனி."

பிரைட்டன் கோட்டுப் போட்டு நின்றான். யாருடைய கோட்டோ, தோளில் தொளதொளவென்று கிடந்தது. பின்னால் பச்சை விரிப்பு. விரிப்பைத் தாண்டி ஒன்றும் தெரியக் கூடாது என்று ரெஜின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அறையில் அதற்கு இடம் இல்லை போலிருக்கிறது. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில், அதன் மேலே இன்னொரு கட்டில். மேல் கட்டில்களில் குந்தியிருந்து ஆட்கள் விரிப்பைப் பிடித்திருந்தார்கள். முகம் தெரியவில்லை, வரிசையாக விரல்கள் மட்டும் தெரிந்தன.

"தனி ரூமு, ஏசி, கூட ஒருத்தரும் இல்லன்னுல்லா சொன்னாரு," என்றாள் பெபிஷா. "நாலு வருஷமும் பொய்யா சொன்னாரு இந்த மனுஷன்?"

"அது ஓரம்லா மைனி, வெட்டிரலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சு போச்சேல."

வீடியோவில் பிரைட்டன் பக்கத்தில் திரும்பி, வெறும் காற்றில் கையை நீட்டி, இல்லாத ஒரு தலையைத் தடவினான். "நல்லா இருக்கணும் மக்கா" என்றான்.

காலையில் பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த ஷிபாவை ரெஜின் அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அங்கேதான் வந்தது வினை. பிரைட்டனின் கை பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. பிரைட்டனைப் பெரிதாக்கினால் தலை பீடத்தின் உச்சியில் முட்டியது. ஷிபாவைச் சிறிதாக்கினால் பொம்மை மாதிரி ஆனாள். "திரும்ப எடுக்கச் சொல்லணும்" என்று ரெஜின் தலையைச் சொறிந்தான். எடுப்பதற்கு நாள் எங்கே இருக்கிறது?

முறுக்கைக் கடித்துக்கொண்டு வந்த ஷிபா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாக்கு நான் இன்னும் ஒண்ணாங்கிளாஸுன்னு நெனப்பு."

பெபிஷாவுக்குத் திக்கென்றது. பிரைட்டன் போன அன்றைக்குத் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில், காவல்காரன் விரட்ட விரட்ட, பிள்ளையின் தலையில் வைத்த கையை எடுக்காமல் நின்றானே, அதே உயரம். துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேறு குடும்பம் வைத்திருக்கிறவனுக்கு இந்த உயரம் கையில் நிற்குமா? பாவி மனுஷன், அதை நினைத்துக்கொண்டுதான் அந்த இரும்புக் கட்டிலில் கிடந்திருக்கிறான். பொய் சொன்னதற்கு வந்த கோபம் வந்த வழியே போயிற்று. அழுகைதான் வந்தது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளிடம் திரும்பினாள். "ஏட்டி, அந்த உடுப்பத் திரும்பப் போடு. தலையணைய எடுத்துட்டு வா."

பச்சைத் துணிக்கு முன்னால் தலையணை போட்டு, அதன்மேல் ஷிபாவை முழங்காலில் முட்டுக்குத்தி நிற்க வைத்தாள். கையில் மெழுகுதிரி. புதுநன்மைக்குப் பிள்ளை முட்டுக்குத்துவது உள்ளதுதானே, யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ரெஜின் எடுத்து, பச்சையை அழித்து, மறுபடியும் சேர்த்தான். பிரைட்டனின் கை நேராகப் பிள்ளையின் தலையில் போய் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த ஷிபா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

ரெஜின் அதை சேவ் பண்ணியதும் ஃபேன் நின்றது. பெபிஷா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வீடியோ கிட்டிச்சா?" பிரைட்டனின் குரல் தயங்கியது. "எல்லாம் சரியாத்தானே வந்திருக்கு?"

"சரியா வந்திருக்கு. மவ ஒங்க நெஞ்சு வரைக்கும் வளந்துட்டா, கேட்டியளா."

பெபிஷா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்த விரிப்பப் பிடிச்சுட்டு இருந்தாவல்லா, அவிய எல்லாரையும் நான் கேட்டதா சொல்லுங்க."



"எட்டு பேரு உண்டு பெபி" என்றான் பிரைட்டன். "எல்லார்ட்டயும் சொல்லுதேன்."