அடிக்கடி நின்ற இயந்திரக் கை

1
ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, ஒரே புழுக்கம். ஆலை மலருக்கு ‘மனிதனும் இயந்திரமும்’ என்றொரு கட்டுரை கேட்டிருந்தார்கள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், மனிதன் தலைப்போடு நின்றுவிட்டான். ஆகவே கட்டுரையைக் கிழித்தெறிந்து, கதை எழுதத் துணிந்தோம்.

2
இயந்திரக் கை கம்பீரமாக எழுந்து, ஆதவனை நோக்கி— (விடுக. கூரை போட்ட கூடத்தில் ஆதவன் ஏது?)

மீண்டும் தொடங்குவோம். இரும்புச் சட்டங்களைப் பற்றவைக்கும் இயந்திரக் கையொன்றைப் பொறியாளர் ஒருத்தி உருவாக்கினாள். ஆள் நெருங்கினால் அதிலுள்ள மின்கண் கையை நிறுத்திவிடும். சோதனையில் அது ஒருமுறைகூட வீணாக நிற்கவில்லை.* ஆலைக்கு வந்தபின்போ, நிற்காத நாழிகையில்லை.

* சோதனைக் கூடத்தில் ஆட்களே இல்லை.

3
மேலாளர் பொறுமை இழந்தார்.

“அந்தக் கண்ணை அணைச்சிடுங்கம்மா. பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு? இல்லேன்னா சாயங்காலமே மெஷினைக் கழட்டி அனுப்பிடுவேன்.”

அது அவளுடைய மூன்றாண்டு உழைப்பு. ஆயினும், அந்தக் கையருகே நின்று வேலை செய்பவர் அவளுடைய அக்காள் கணவர். (வாசகரை உருக்கவே இவ்வுறவைப் புகுத்தினோமோ என ஐயுற்று, அத்தானை நீக்கிப் பார்த்தோம். அவ்விடத்தில் வேறொருத்தியின் அத்தான் வந்து நின்றார்.)

அவள் அத்தானிடமே போனாள்.

“உன் மெஷின் சரியான பயந்தாங்கொள்ளி, பாப்பா. நான் தும்மினாக்கூட நின்னுடுது.”

“நீங்க ஏன் அத்தான் சும்மா சும்மா குறுக்க போறீங்க?”

“குடிதண்ணி அந்தப் பக்கம்தானே இருக்கு? வேணும்னா தாகத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடு.”

அவள் சிரிக்கவில்லை. நேரே போய்க் குழாய்க்காரரை அழைத்துவந்தாள்.

“மெஷினைச் சரிபண்ணச் சொன்னா, குழாய் வேலையா பாக்குறீங்க?” என்றார் மேலாளர்.

“ஆமா சார். கண்ணை அணைக்க மாட்டேன். ஒரு ஷிப்ட் ஓடட்டும். அப்பவும் நின்னா நானே கழட்டித் தர்றேன்.”

4
குடிதண்ணீர்க் குழாய் இந்தப் பக்கத்துக்கு இடம் மாறியது. மாலை ஷிப்டில் கை ஓடியது, நிற்காமல் ஓடியது, ஓடிக்கொண்டே—

நின்றது.

அதன் முனை மேலாளரின் தோளுக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. எப்படி ஓடுகிறதென்று பார்க்க, குறுக்கே நடந்து வந்தவர் அவரேதாம்.

முதல் முடிவு: அவர் கண்கலங்கி, நன்றி— (நாடகம்.) இரண்டாம் முடிவு: “பாத்தீங்களா, மறுபடி நின்னுடுச்சு!” (இதற்கும் வாய்ப்புண்டு.) நாம் எதையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை, அவர் வாய் திறப்பதற்குள் கதையை உங்களிடம் ஒப்படைக்கிறோம். நீங்கள் எதை எழுதினாலும் சரி, இயந்திரமே போனாலும் சரி, அவள் அந்தக் கடவுச்சொல்லைச் சொல்வதாயில்லை.

அப்போது மணி மாலை ஆறு பத்து.