கொளஞ்சி மகன்

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, கிழித்த வேட்டித் துணியால் கட்டி, முடிச்சை இறுக்கப் போன நேரத்தில்தான் கோயில்பிள்ளை வந்து வாசலில் நின்றான். மாதா கோயிலில் மணியடிப்பது, குழிவெட்டிக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அவன் வேலை. காலையில் சாவுச் சேதி கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனவன், இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

"குழிய தெறக்க வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா."

"யாரு சொன்னது?"

"சூசைநாதன் வந்திருந்தாரு. அது லபோர்த் குடும்பத்துக் கல்லறையாம். ரிவியேர் குடும்பத்துப் பொணத்த அதுல எறக்கக் கூடாதாம். சாமி ஒங்கள கையோட கூட்டியாரச் சொன்னாரு."

புஷ்பமேரி முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். சூசைநாதன் யாரோ எவனோ இல்லை, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி மகன். சின்ன வயதில் இவள் இடுப்பில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த பயல்.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியைப் பிணத்தருகே உட்கார்த்திவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெயிலில் பிணம் தாங்காது. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கிழவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார், "என்ன எங்கம்மாகிட்ட வெச்சுரும்மா." கஞ்சி ஊட்டும்போதும் கேட்டார், கடைசி எண்ணெய் பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்தபோதும் கேட்டார். அவளும் ஒவ்வொரு தடவையும் சரிப்பா, சரிப்பா என்றாள். இப்போது அந்தச் சரிப்பாவெல்லாம் நெஞ்சில் வந்து குத்தின. அம்மாவிடம் வைக்காவிட்டால் பொதுக்குழி. பொதுக்குழியில் போட்டால் சில வருஷத்தில் தோண்டியெடுத்து எலும்பை ஒரு மூலையில் கொட்டிவிட்டு இன்னொருத்தரைப் போடுவார்கள்.

இத்தனைக்கும் காரணம் அண்ணனும் தம்பியும் வாலிப வயதில் செய்து வைத்த ஒரு கூத்து. பழைய வழக்கத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறுகிறவர்கள் எல்லாம் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஊரே மேரி என்கிற நகராட்சி ஆபீசுக்கு ஓடிய காலம் அது. அவள் அப்பா தனிஸ்லாஸ் ஒருநாள் போனார், காதுக்கு நன்றாக இருந்தது என்று ரிவியேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சித்தப்பா லூயிஸ் வேறொரு நாள் போனார், தன் முதலாளி சொன்னார் என்று லபோர்த் என்று எழுதிக் கொடுத்தார். குடும்பப் பெயர் என்றால் குடும்பத்துக்கே ஒன்று என்பது இருவருக்குமே தெரியவில்லை! நம் ஊரில் எவன் அண்ணன் பெயரைத் தம்பிக்கு வைத்தான்? அவனவனுக்கு ஒரு பெயர் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் காகிதத்தில் அன்றைக்கே அந்நியர்களாகிவிட்டார்கள்.

சாமியார் பிரான்சிலிருந்து வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைத் தாடி, புத்தகத் தமிழ். மேசைமேல் ஞானஸ்நானப் புத்தகங்கள் இரண்டைத் திறந்து வைத்திருந்தார்.

"உட்காருங்கள், மதாம். உங்கள் துக்கத்தில் நானும் பங்கு கொள்கிறேன். ஆனால் இதைப் பாருங்கள். உங்கள் தகப்பனாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தாய் பெயர் கொளஞ்சி, தகப்பன் பெயர் காத்தவராயன் என்று எழுதியிருக்கிறது. லூயிசுக்குத் தாய் அந்தோணியம்மாள், தகப்பன் சவேரிமுத்து. கல்லறைக் கல்லிலும் அந்தோணியம்மாள். தாய் வேறு, தகப்பன் வேறு, குடும்பப் பெயரும் வேறு. நான் எதை நம்பட்டும்?"

"ரெண்டும் ஒரே பொம்பளதான் சாமி. எங்கப்பாவுக்குச் சின்ன வயசுல காலரா வந்து சாவக் கெடந்தாரு. அப்ப உபதேசியாரு வந்து அவசரத்துக்கு அவருக்கு மட்டும் ஞானஸ்நானத் தண்ணி ஊத்திட்டுப் போயிட்டாரு. அவரு பொழச்ச பெறகுதான் அப்பன் ஆத்தா வேதத்துக்கு வந்தாங்க, பேர மாத்திக்கிட்டாங்க. அதுக்கும் பெறகு பொறந்தவருதான் சித்தப்பா."

"பெற்றோருக்கு எங்கே ஞானஸ்நானம் நடந்தது?"

"கனகசெட்டிக்குளத்துப் பக்கம் ஏதோ ஒரு கொட்டாய்க் கோயில்னு சொல்வாங்க. அந்தக் கோயிலே இப்ப இல்ல."

"இதை உங்களுக்குச் சொன்னது யார்?"

"எங்கப்பா."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் தகப்பனார் சொன்னதை வைத்தே உங்கள் தகப்பனாரை நிரூபிக்க முடியாது, மதாம். வயதானவர்கள் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள்."

யாரை அழைத்து வருவது? தெரிந்தவர்களில் பாதிப் பேர் சைகோனுக்குப் போனவர்கள், மீதிப் பேர் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறவர்கள். தெருவில் கேட்டால் ஊருக்கே தெரியும் என்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், உங்கப்பாதான் சொன்னாரு என்பார்கள்.

"அப்படியானால் சூசைநாதன் ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும். அல்லது உங்கள் வாயிலிருந்து வராத ஒரு சாட்சியம் கொண்டு வாருங்கள். கல்லறைக்கு உரியவர் மறுக்கும்போது நான் என் விருப்பத்துக்குத் திறந்துவிட முடியாது."

வெளியே வந்து சூசைநாதன் வீட்டைப் பார்க்க நடந்தாள். வெயிலைவிட வேறொன்று சுட்டது. ஒருவேளை சாமியார் சொல்வதுதான் சரியோ? காலராவில் பெற்றவர்களைப் பறிகொடுத்த யாரோ ஒரு கொளஞ்சியின் பிள்ளையை இவர்கள் எடுத்து வளர்த்திருந்தால்? அப்பாவுக்கே அது தெரியாமல் போயிருந்தால்? சீ, பிணத்தை வீட்டில் போட்டுவிட்டு இது என்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் போய்விடுமா? அந்த நினைப்பு கூடவே நடந்து வந்தது.

சூசைநாதன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். உள்ளே வா என்று சொல்லவில்லை. துறைமுகத்து வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் சாமிகிட்டயே சொல்லிட்டேன்."

"என்னடா சொன்ன? எங்கப்பன் ஒனக்குப் பெரியப்பா இல்லன்னா? ஒன் வாயாலயா சொன்ன?"

"காயிதத்துல அப்பிடி இல்ல."

"காயிதமாடா ஒன்ன தோள்ல தூக்கிக்கிட்டுத் தேர் காட்டிச்சு?"

அவன் தெருவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்குக் கல்லறைம்பீங்க. பெரியப்பான்னு நான் ஒத்துக்கிட்டா நாளைக்கு இந்த வூடு ஆயா வூடுன்னு பங்கு கேப்பீங்க. அந்தச் சண்டைலதான எங்கப்பாவும் அவரும் பேச்ச வுட்டாங்க? எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க."

"எனக்கு வூடும் வேணாம் ஒண்ணும் வேணாம். எழுதித் தரேன்டா."

"எப்பிடி எழுதித் தருவீங்க? பங்காளின்னு மொதல்ல எழுதினாதான, பங்கு வேணாம்னு எழுத முடியும்?"

பாவி, எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான்! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் தண்ணியாச்சும் குடு," என்றாள்.

அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவன் மனைவி ஞானமேரி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நடையில் பிள்ளைகள் மூன்றும் உட்கார்ந்து கடை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. அதற்கு அப்பால் அடுப்படி தெரிந்தது. அடுப்பில் பூனை சுருண்டு படுத்திருந்தது. புஷ்பமேரி தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கி நடந்தாள்.

தெருமுனை திரும்பும்போதுதான் உறைத்தது. இல்லாதவன் வீட்டு அடுப்பில் பூனை தூங்கினால் அதிசயமில்லை. சூசைநாதன் வீட்டில், உச்சிப்பொழுதில், மீன்குழம்பு கொதிக்க வேண்டிய நேரத்தில்?

நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரன் கத்திவிட்டு ஒதுங்கிப் போனான். அவள் திரும்பி, கோயிலைப் பார்க்க ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன். ஒரு வூட்ல சாவு வுழுந்தா யாரு யாரு வூட்ல அடுப்பு மூட்டமாட்டாங்க, தெரியுமா?"

சாமியார் முகம் சுளித்தார். "சாவு விழுந்த வீட்டிலும், அதன் பங்காளி வீடுகளிலும். இந்தப் பழக்கத்தை நான் பிரசங்கத்தில் எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்!"

"பக்கத்து வூட்டுக்காரங்க மூட்டுவாங்க. மாமன் மச்சான் மூட்டுவாங்க, அவங்கதான் எங்களுக்குச் சோறே கொண்டாரணும். பங்காளி மட்டும்தான் மூட்டக்கூடாது. சூசைநாதன் வூட்ல இன்னைக்கு அடுப்பு எரியல சாமி. நான் பேசறது பொய்யா இருக்கலாம். தெருவுல சொல்றவங்க எனக்காகச் சொல்லலாம். அவன் வூட்டு அடுப்பு எனக்காகப் பொய் சொல்லுமா?"

சாமியார் மேசைமேல் இருந்த புத்தகங்களைப் பார்த்தார். பிறகு, "விறகு இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம்," என்றார்.

"நீங்களே வந்து கேளுங்க."

கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். புஷ்பமேரி முன்னால் நடந்தாள். இதற்குள் யாராவது ஒரு சுள்ளியைப் பற்ற வைத்திருந்தால் எல்லாம் போச்சு. கூரைக்கு மேல் புகை தெரிகிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு போனாள்.

சாமியாரைப் பார்த்ததும் சூசைநாதன் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தான். அவர் நேரே அடுப்படிக்குப் போய், குனிந்து, சாம்பலில் கையை வைத்துப் பார்த்தார். பூனை எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு போயிற்று.

"இன்று சமைக்கவில்லையா?"

"வெறவு ஈரம் சாமி," என்றான் சூசைநாதன்.

"சித்திரையில்?"

மூலையில் அடுக்கியிருந்த சவுக்கு விறகு காய்ந்து வெடித்துக் கிடந்தது. யாரும் அதைப் பார்க்காமல் எல்லாரும் ஞானமேரியைப் பார்த்தார்கள். அவள் கடைக்குட்டியை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"நான்தான் மூட்டல சாமி. அவரு மூட்டச் சொன்னாரு. எனக்குக் கை வரல. பங்காளி வூட்ல பொணம் கெடக்கறப்ப அடுப்பு எரிஞ்சா புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு எங்க அத்த சொல்லுவாங்க. பேச்சுவார்த்த இல்லன்னாலும் நெல்லித்தோப்புப் பெரியவரு வூட்ல ஒண்ணுன்னா அடுப்ப அணைச்சுருன்னு சாவறதுக்கு முன்னாடிகூட சொன்னாங்க." அவள் புருஷனைப் பார்த்தாள். "அவருமேல கோவப்படாதீங்க சாமி. காலைலேருந்து அவரும் ஒண்ணும் தின்னல."

புஷ்பமேரிக்குக் குபுக்கென்று கண் நிறைந்தது. சித்தப்பா செத்த அன்றைக்கு இவர்களுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. கோயில் மணியைக் கேட்டு விசாரித்துத் தெரிந்துகொண்ட அப்பா, கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கித் தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தார். பொரி வாங்கி வந்து கொடுத்தார். தானும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்க் கொல்லைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அண்ணன் என்பதற்கு அவர் காகிதம் தேடவில்லை. எடுத்து வளர்த்த பிள்ளையென்றால் அந்த வீட்டில் சித்தியே இப்படிச் சொல்லி வைத்திருப்பாளா? அவளோடு நடந்து வந்த அந்த நினைப்பு அந்த அடுப்படியிலேயே விழுந்தது.

சாமியார் கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சூசைநாதன், உன் தாய் சொல்லி வைத்திருக்கிறாள். உன் மனைவி அதை நம்பி நடந்திருக்கிறாள். அவர்கள் இருவருக்கும் இதில் நஷ்டமே தவிர லாபம் இல்லை. எனக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. வீட்டு விவகாரத்தை நீதிபதி பார்த்துக்கொள்வார். குழி விவகாரம் என்னுடையது."

சூசைநாதன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். லூயிசின் கல்லுக்குப் பக்கத்தில், அந்தோணியம்மாள் என்று எழுதிய கல்லைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். குழிவெட்டி பக்கிரி இடுப்பளவு, மார்பளவு என்று இறங்கிப் போனவன், சட்டென்று மண்வெட்டியை மேலே வீசிவிட்டு ஏறி வந்துவிட்டான்.

"எலும்பு தெரியுதுங்க. இனிமே நான் தொடக்கூடாது. ரத்த சம்பந்தம் உள்ளவங்க யாராச்சும் எறங்கி ஒதுக்கி வைக்கணும். பங்காளி யாருங்க?"

தனிஸ்லாசுக்கு ஆண்பிள்ளை இல்லை. சாமியார் ஜெபப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. புஷ்பமேரி எதிரே பார்க்காமல், "நான் எறங்கறேன்," என்று சொல்லிப் புடவையை இழுத்துச் செருகினாள்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சூசைநாதன் வந்தான். பூட்ஸைக் கழற்றி வைத்தான். கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவள் நீட்டிய வெள்ளைத் துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். குழியின் விளிம்பைப் பிடித்து மெதுவாக உள்ளே இறங்கினான்.

கீழே வெகுநேரம் குனிந்தே இருந்தான். மண்ணைக் கையாலேயே விலக்கினான். துணியை ஓர் ஓரமாக விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஊதித் துடைத்து, இருந்த வரிசை கலையாமல் வைத்தான். கடைசியில் தலையோட்டை இரண்டு கையாலும் ஏந்தி வைத்தான். பிறகு நிமிர்ந்தான். முகமெல்லாம் மண்.

"அக்கா, பெரியப்பா தல எந்தப் பக்கம்?"

அவள் கையை மட்டும் காட்டினாள். அவன் அந்தப் பக்கமாக நகர்ந்து நின்று, பெட்டியை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் உயர்த்தினான். அவன் காலடியில், பாயில் பிள்ளைக்கு இடம் விட்டு ஒருக்களித்துப் படுத்தவளாக, கொளஞ்சி சுவரோரம் கிடந்தாள்.