சபூராவின் பழைய கம்பைலர்

வெல்ட் கீ துறைமுகச் சாலை பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணினியைக் கவனித்துக்கொண்டிருந்தவள் யோகலட்சுமி. கப்பலில் ஏறும் சரக்குக்குப் பட்டியல் போடும் புரோகிராமை 1996-இல் அவளும் தோழி சபூராவும் அங்கிருந்த லினக்ஸ் மெஷினில் எழுதினார்கள். அவளும் என்று சொல்வது சும்மா மரியாதைக்கு, முக்கால்வாசி சபூராதான். பிறகு சபூரா கல்யாணம் கட்டிக்கொண்டு கடல் தாண்டிக் கூச்சிங் போய்விட்டாள். மூன்று வருடம் போனதே தெரியவில்லை.

1999-இல் புது வேலை ஒன்று வந்தது. அதற்குப் புதிய கம்பைலர் வேண்டும். எழுதிய வரிகளை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற அந்தப் பொல்லாத சாமானுக்கோ சபூரா எழுதிய விதமே பிடிக்கவில்லை. வேறொரு மெஷினில் கொடுத்துப் பார்த்தபோது பக்கம் பக்கமாகக் குறை சொன்னது.

“பழச தூக்கிட்டுப் புதுச போடு லா. சபூரா எழுதினத வேற ஆள வெச்சி முழுசா மாத்திக்கலாம்,” என்றார் மேனேஜர் சந்திரசேகரன்.

“ரெண்டையும் ஒரே மெஷின்ல வெக்கலாம் சார். இன்னிக்கு ஒரு நாள் டைம் குடுங்க.”

“அஞ்சு மணி வரைக்கும். முடியலன்னா பழசு போகுது.”

புதிய கம்பைலருக்கு அதே மெஷினில் தனி இடம் ஒன்றைக் குறித்துக் கொடுத்து வேலையை முடுக்கிவிட்டாள். இனி இரண்டு மணி நேரம் மெஷின் தானாக முக்கி முனகும். அந்தக் காலத்தில் இப்படி நேரம் கிடைத்தால் அவளும் சபூராவும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள். சேலைக் கடையில் எதையும் வாங்காமல் விலை கேட்பார்கள், பருப்பு வடை தின்பார்கள். சபூரா மேனேஜர் மாதிரியே பேசிக்காட்ட, யோகலட்சுமிக்குச் சிரிப்பில் தே தாரிக் டீ மூக்கில் ஏறும். இன்று தனியாகப் போனாள். வடை என்னவோ அதே வடைதான். பாதியோடு வைத்துவிட்டாள்.

நாலரைக்குத் திரும்பி வந்து கம்பைலரின் பெயரைத் தட்டினாள். புதியது பதில் சொன்னது. மறுபடி தட்டினாள், புதியதேதான். பழையதன் மேலேயே போட்டுத் தொலைத்துவிட்டோமா? பிறகுதான் மூளை வேலை செய்தது: பெயரை மட்டும் சொன்னால் மெஷின் புதிய இடத்தில்தான் முதலில் தேடும். பழையது இருக்கும் இடத்தையும் முழுதாகச் சேர்த்துத் தட்டினாள். பழையது வந்து நின்றது. சபூராவின் புரோகிராமை அதனிடம் கொடுத்தாள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது.

சந்திரசேகரன் எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, இருந்துட்டுப் போகட்டும்,” என்றார்.

யோகலட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கூச்சிங்குக்குப் போன் போட்டாள்.

“உன் புரோகிராம் பொழச்சிருச்சுடி! பழைய கம்பைலரையும் அதே மெஷின்ல வெச்சிட்டேன்.”

சபூரா விழுந்து விழுந்து சிரித்தாள். “அல்லா, அந்தக் குப்பையா? இன்னுமா வெச்சிருக்கீங்க? அழிச்சிப் போடு லா!”

யோகலட்சுமிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் அது பெரிதாக இருந்திருக்கிறது. “சரிடி, அழிச்சிடுறேன்,” என்றாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கியது.

“யோகா,” என்றாள் சபூரா, குரலைத் தாழ்த்தி. “நெசமாவே அழிச்சிராத, என்ன?”